பார்க்காத ஊருக்குப் படம் போட்டவர்கள்

ஓவியனுக்குத் தூண்டுதல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அந்தி வானம், காதல், கடவுள், வறுமை என்று நாலைந்து பதில்கள் தயாராக இருக்கும். சென்னைப் பட்டணத்தின் பேர்பெற்ற முதல் பெரிய ஓவியத்துக்குத் தூண்டுதல் ஒரு காலிச் சுவர். அந்தச் சுவரும் சென்னையில் இல்லை, லண்டனில் இருந்தது.

1729-ல் லெடன்ஹால் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனி புது ஆபீஸ் கட்டி முடித்தது. கட்டடத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த தியோடர் ஜேக்கப்சன் அடிப்படையில் ஒரு வியாபாரி. கட்டடக்கலை அவருக்குப் பொழுதுபோக்கு. பரவாயில்லை, நாட்டைப் பிடிப்பதையே பகுதிநேர வேலையாகத் தொடங்கிய கம்பெனிக்குப் பகுதிநேர எஞ்சினியர் போதாதா? டைரக்டர்கள் கூடும் அறையில் ரைஸ்பிராக் என்ற சிற்பியைப் பிடித்துக் கணப்படுப்புக்கு மேலே பளிங்குச் சிற்பம் ஒன்று வைத்தார்கள். பிரிட்டானியா அம்மாள் நடுநாயகமாக வீற்றிருக்க, கீழ்த்திசை நாடுகள் செல்வத்தைக் கொண்டுவந்து நீட்டுகின்றன. கீழே நெருப்பு எரியும், மேலே ஆசியா மொய் எழுதும். அப்படி ஓர் ஏற்பாடு.

எல்லாம் சரி, சுற்றிலும் சுவர் வெறுமனே இருந்தது. வடசென்னைக்காரனுக்குக் காலிச் சுவரின் மகிமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் பக்கம் ஒரு சுவர் காலியாக இருந்தால் அதில் கட்சிக்காரர் வந்து தேதி போட்டு இடம் பிடித்துவிட்டுப் போவார். பா. ரஞ்சித் ‘மெட்ராஸ்’ படத்தில் ஒரு சுவரையே கதாநாயகனாக்கிக் காட்டியது 2014-ல்தான். கம்பெனி டைரக்டர்கள் அந்த ஞானத்தை 1730 வாக்கிலேயே அடைந்துவிட்டார்கள். சுவரில் நம் சொத்துகளின் படத்தை மாட்டுவோம், வருகிறவன் போகிறவன் பார்த்து வாய் பிளக்கட்டும் என்று முடிவாயிற்று.

மொத்தம் ஆறு படம். சென்னைக் கோட்டை, கல்கத்தாக் கோட்டை, பம்பாய், தலச்சேரி, செயின்ட் ஹெலினா தீவு, நன்னம்பிக்கை முனை. இதில் நன்னம்பிக்கை முனை அன்றைக்கு டச்சுக்காரர்களுடையது. போகிற வழியில் தண்ணீர் பிடிக்க நிறுத்துகிற துறைமுகத்தையும் சேர்த்துத் தன் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளத் தனித் துணிச்சல் வேண்டும்.

வேலை யாருக்குப் போயிற்று? ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்று இருவர். நிலத்தையும் கட்டடத்தையும் லாம்பர்ட் எழுதுவார், கப்பலையும் கடலையும் ஸ்காட் எழுதுவார். ஊரைப் பங்கு போட்டுக்கொண்ட இந்தக் கூட்டணியில் ஒரே ஒரு சிக்கல். இருவரும் இந்தியாவுக்கு வந்ததே இல்லை.

லாம்பர்ட்டின் முழுநேரப் பிழைப்பு நாடகக் கொட்டகைக்கு சீன் எழுதுவது. ராஜா தர்பார், காடு, சிறைச்சாலை, தெரு என்று படுதா படுதாவாக எழுதித் தள்ளுகிறவர். வேலை மும்முரத்தில் சாப்பிடப் போக நேரமில்லாமல், படம் எழுதும் அறை அடுப்பிலேயே மாட்டுக்கறித் துண்டைச் சுட்டுத் தின்பாராம். வாசம் பிடித்து வந்த பிரபுக்களும் கவிஞர்களும் கூடவே உட்கார, 1735-ல் அது ஒரு சங்கமாகவே ஆகிவிட்டது. லண்டன் கனவான்களின் பேர்பெற்ற ‘பீஃப் ஸ்டேக்’ சங்கம் பிறந்த கதை இது. தள்ளுவண்டி பீஃப் ஃப்ரைக்கு முன் கைலியோடு நின்று உலக அரசியல் பேசும் எங்கள் பேட்டை ஆட்கள் தாங்கள் எவ்வளவு பெரிய மரபின் வாரிசுகள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்காட் இன்னும் சுவாரசியம். மனிதர் சர்க்கார் உத்தியோகஸ்தர். முத்திரைத்தாள் ஆபீசில் கணக்குப் பிள்ளை. கப்பல் வரைவது ஆபீஸ் நேரம் போக. 1732 மே மாதம் இவரும் ஓவியர் ஹோகார்த்தும் இன்னும் மூன்று நண்பர்களும் திடீரென்று கிளம்பி, தேம்ஸ் நதியில் படகேறி, கென்ட் பக்கம் ஐந்து நாள் ஊர் சுற்றினார்கள். குடி, பாட்டு, கூத்து. வழியில் குச்சி, கூழாங்கல், பன்றிச் சாணம் சகிதம் தங்களுக்குள்ளேயே ஒரு யுத்தமும் நடத்தினார்கள். இதையெல்லாம் பெருமையாகப் புத்தகமாகவும் எழுதி வைத்தார்கள். அந்த வருஷம் வங்காள விரிகுடாவை எழுதிக் காசு வாங்கிய மனிதர், அந்த வருஷம் போன கடல் யாத்திரை இதுதான்.

கூலி, படம் ஒன்றுக்கு 15 கினி. ஆறு படத்துக்கும் சேர்த்து 94 பவுண்டு 10 ஷில்லிங் என்று 1732-ல் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் செலவு எழுதியிருக்கிறார்கள்.

ஆர்டர் கொடுத்த அன்று என்ன பேசியிருப்பார்கள்? ஏட்டில் ஒன்றும் இல்லை. ஆகவே என் கற்பனை:

“ஐயா, நான் சென்னையைப் பார்த்ததில்லையே?”

“நாங்கள் மட்டும் பார்த்தோமா? கணக்குப் புத்தகத்தைத்தான் பார்த்திருக்கிறோம். கோட்டை பெரிசா இருக்கணும். கொடி தெரியணும். கப்பல் நிறைய இருக்கணும்.”

“ஜனங்கள்?”

“சின்னதாப் போடு. காசு கொடுப்பது நாங்கள்.”

அநியாயமாகச் சொல்லக்கூடாது. கப்பல் கேப்டன்கள் கொண்டுபோன கோட்டுப்படங்கள், கம்பெனியிடம் இருந்த நிலப்படங்கள் எல்லாம் கைக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஏனென்றால் கோட்டை ஓரளவுக்குக் கோட்டையாகவே வந்திருக்கிறது. போட்டோ ஸ்டூடியோவில் நமக்குப் பின்னால் தொங்கும் தாஜ்மகால் திரையைவிட நூறு மடங்கு நம்பகம். கடலில் நின்று கரையைப் பார்க்கிற கோணம். நடுவில் மதில், உள்ளே செயின்ட் மேரீஸ் தேவாலயத்தின் கோபுரம், முன்னால் கம்பெனிக் கப்பல்கள்.

இந்தக் கோணத்தில்தான் என் வயிற்றெரிச்சல் இருக்கிறது. கிழக்கே கடலில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் வலது கைப்பக்கம் வடக்கு. கோட்டைக்கு வலது பக்கம், நம்மவர்கள் குடியிருந்த கருப்பர் பட்டணம். அதற்கும் அப்பால் வடக்கே, வடக்கே, வடக்கே ஏழு கிலோமீட்டர் போனால் எங்கள் டோல்கேட். ராயபுரம் வருவதற்குள்ளேயே லாம்பர்ட்டின் மரச்சட்டம் முடிந்துவிடுகிறது.

ஏதோ அன்றைக்கு டோல்கேட் பக்கம் கம்பெனிக்கு அந்நிய பூமி என்று நினைத்துவிடாதீர்கள். 1708-லேயே நவாப் தாவூத் கானிடமிருந்து ஐந்து கிராமங்களைக் கம்பெனி வாங்கிக்கொண்டது. திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம். ஐந்தில் நான்கு வடசென்னை. வரி வசூலிக்கிறார்கள், குத்தகை விடுகிறார்கள். கம்பெனியின் கணக்கில் நாங்கள் உண்டு, கம்பெனியின் படத்தில் இல்லை. மூவர் தேவாரம் பெற்ற ஒற்றியூர்க் கோயில், கம்பெனி பிறப்பதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே நிற்கிறது. அங்கே குடியிருக்கும் தியாகராஜர் பொறுமைசாலி. 15 கினிப் படத்தில் இடம் கிடைக்கவில்லை என்று எந்தக் கனவிலும் போய் அவர் புகார் சொல்லவில்லை.

பார்க்காமலே பார்ப்பது என்ற வித்தையில் நம் ஊர்க்காரர் ஒருவர் லாம்பர்ட்டுக்கு முன்னோடி. மெட்ரோவில் டோல்கேட்டுக்கு அடுத்த ஸ்டேஷன் காலடிப்பேட்டை. 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர். காலட் பேட்டைதான் நம் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அங்கே கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் வந்த கதையை ஊரில் இப்படிச் சொல்வார்கள். காலட்டிடம் வீரராகவன் என்று ஒருவர் வேலை பார்த்தார். காஞ்சிபுரம் வரதராஜரைச் சேவிக்காமல் ஆபீஸ் வரமாட்டார், அதனால் எப்போதும் லேட். துரை ஒருநாள் கடுப்பாகி, “இப்போது உன் சாமி அங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார், சொல் பார்ப்போம்” என்று மடக்கினார். இவர் கண்ணை மூடினார். உற்சவத்தில் இன்ன இடத்தில் இன்னது சிக்கிக்கொண்டு நிற்கிறது என்று இங்கிருந்தே வர்ணனை கொடுத்தார். துரை ஆள் அனுப்பி விசாரித்தார். சொன்னது அத்தனையும் நிஜம். அசந்துபோய், காஞ்சிக்குப் போய்வருகிற சிரமமே வேண்டாம் என்று இங்கேயே கோயில் எழுப்ப ஏற்பாடு செய்தார்.

இதைக் கதை என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கலாம். ஆனால் நிர்வாக நேர்த்தியைக் கவனியுங்கள். ஞானதிருஷ்டியில் பார்த்ததாக ஒருவன் சொன்னால் கவர்னர் முதலில் ஆள் அனுப்பிச் சரிபார்க்கிறார், பிறகுதான் செலவு. லண்டன் டைரக்டர்களிடம் லாம்பர்ட்டும் ஸ்காட்டும் காட்டியதும் ஞானதிருஷ்டிதான். யாரும் ஆள் அனுப்பவில்லை. செக் பாஸ் ஆகிவிட்டது.

எனக்கு இன்னொன்றும் விளங்கவில்லை. அந்தக் காலத்தில் சீட்டித் துணியில் தூரிகை பிடித்துப் பூவும் கொடியும் எழுதுகிற நம் கைவினைஞர்களைக் கம்பெனி ஏடுகளே ‘பெயின்ட்டர்கள்’ என்றுதான் குறிக்கும். 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியபோது நூற்பவர், நெய்பவர், வெளுப்பவர் ஆகியோரோடு பெயின்ட்டர்களையும் தேடிப் பிடித்துக் குடிவைத்தார்கள். இவர்கள் எழுதிய துணிக்காக ஐரோப்பிய சீமாட்டிகள் தவம் கிடந்தார்கள். அந்தத் துணி விற்ற லாபத்தில்தான் லெடன்ஹால் தெருக் கட்டடமே எழுந்தது. பேட்டை பேட்டையாகப் பெயின்ட்டர்களை வைத்திருக்கிற கம்பெனி, அவர்கள் வாழும் ஊரைப் படம் எழுதச் சொல்லி, அந்த ஊரையே பார்க்காத இருவரிடம் போய் நின்றது. நம்மவர்களைக் கேட்டிருந்தால் கோட்டையைச் சுற்றி நாலு மயிலும் ஒரு மாங்காய்க் கொத்தும் கூடுதலாக வந்திருக்கும், அவ்வளவுதானே?

படம் மாட்டியாகிவிட்டது. பதினைந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரன் லா பூர்தொனே கப்பல்களோடு வந்து கோட்டையையே கைப்பற்றிவிட்டான். அவர்கள் மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். கோட்டையை ஒட்டி இருந்த கருப்பர் பட்டணத்து வீடுகளைத் துப்பாக்கிச் சூட்டுக்கு மறைவாக இருக்கிறது என்று இடித்துத் தள்ளத் தொடங்கினார்கள். 1749-ல் ஊரைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள், மிச்சத்தையும் இடித்து அந்த நல்ல காரியத்தைப் பூர்த்தி செய்தார்கள். எதிரிகள் இருவரும் ஒத்துப்போன விஷயம் கருப்பர் வீட்டை இடிப்பது ஒன்றுதான். அந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. வீட்டை இழந்தவர்கள் கேஸ் போட நூற்றைம்பது வருஷம் காத்திருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

இத்தனைக்கும் பிறகு 1754-ல் லண்டனில் ஒரு அச்சுப்படம் விற்பனைக்கு வருகிறது. ‘சோழமண்டலக் கரையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டை’. போட்டவர் ஜான் வான் ரைன், லண்டனில் தொழில் நடத்திய டச்சுக்காரர். இவரும் இந்தியா வந்தவர் இல்லை. பார்க்காதவர் எழுதியதைப் பார்த்துப் பார்க்காதவர் எழுதியது. சண்டை நடந்ததாகவோ ஊர் பறிபோனதாகவோ அதில் சிறு கீறல்கூட இல்லை. ஃபார்வர்டு மெசேஜ் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக 1780-ல் தொழில்முறை நிலக்காட்சி ஓவியர் ஒருவர் நிஜமாகவே கப்பலேறி வந்து இறங்கினார். வில்லியம் ஹாட்ஜஸ். கேப்டன் குக்கோடு தென்கடல் எல்லாம் சுற்றியவர். இவரும் இளமையில் நாடக சீன் எழுதியவர்தான், சென்னைக்கும் படுதாவுக்கும் என்ன பூர்வஜென்ம பந்தமோ! கப்பலிலிருந்து பார்க்கும்போது சுண்ணாம்பு பளபளக்கும் வெள்ளைத் தூண் வரிசைகளைக் கண்டு, அலெக்சாண்டர் காலத்துக் கிரேக்க நகரம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று மெய்சிலிர்த்து எழுதினார். கிட்டே வந்து கேட்டிருந்தால் அது கிளிஞ்சல் சுட்டு அரைத்துப் பூசிய நம் ஊர்ச் சுண்ணாம்பு என்று கொத்தனார் சொல்லியிருப்பார்.

பாவம், ஹாட்ஜஸுக்கு நேரம் சரியில்லை. அவர் வந்த வருஷம்தான் ஹைதர் அலியின் குதிரைப்படை ஆற்காட்டுச் சீமைக்குள் பாய்ந்தது. செப்டம்பரில் பொள்ளிலூரில் கம்பெனித் தளபதி பெய்லியின் படை சின்னாபின்னமானது. ஊருக்கு வெளியே தலை நீட்ட முடியாமல் ஓவியர் உள்ளேயே முடங்கிக் கிடந்து, அடுத்த வருஷம் கல்கத்தாவுக்குக் கப்பலேறிவிட்டார். மாமல்லபுரமே எட்டாக்கனியாக இருந்த மனிதரிடம் டோல்கேட்டுக்கு ஏன் வரவில்லை என்று கேட்பது முறையல்ல. பிற்பாடு அவர் ஓவியத்தை விட்டுவிட்டு டார்ட்மத்தில் பேங்க் வைத்தார். அது 1797-ல் திவாலானது.

அப்புறம் வந்தார்கள் டேனியல்கள். தாமஸ், அவர் அண்ணன் தம்பி வகையில் பிள்ளை வில்லியம். தாமஸ் தொழில் பழகியது கோச் வண்டிக்குச் சித்திரம் எழுதுவதில். ‘சவுண்ட் ஹாரன்’ எழுதி, இரண்டு பக்கமும் கழுகு போட்டு, லாரிக்கு உயிர் கொடுக்கிற எங்கள் திருவொற்றியூர் ஹை ரோடு, அதாவது டி.எச். ரோடு, பெயின்ட்டர்களின் ஆதி குரு இவர்தான் என்று நான் அறிவித்துவிடுகிறேன், மறுப்பவர் மறுக்கட்டும். 1792-ல் இருவரும் சென்னைக்கு வந்து, பல்லக்கு, சமையற்காரர், சுமைகூலிகள் என்று பெரிய பட்டாளத்தோடு தெற்கே கன்னியாகுமரிவரை போய்வந்தார்கள். பிம்பத்தைத் தாளில் விழவைக்கும் இருட்டுப் பெட்டி ஒன்று கையில். அதில் விழுந்ததை அப்படியே கோடிழுத்தார்கள். கண்ணால் கண்டதை வரைவது என்ற புரட்சிகரமான முறை, லெடன்ஹால் தெருச் சுவருக்கு அறுபது வருஷம் பிந்தி இப்படித்தான் சென்னைக்கு வந்து சேர்ந்தது. திரும்பும் முன் ஓவியங்களுக்குச் சென்னையில் லாட்டரி நடத்திக் காசும் பார்த்தார்கள்.

அவர்கள் போட்ட 144 அச்சுப்படங்களில் சென்னைக்கும் சில உண்டு. கோட்டையைத் தென்கிழக்கிலிருந்து பார்க்கும் படம்தான் நிறையப் பேர் அறிந்தது. நுரைத்து வரும் அலையில் ஆணியே அடிக்காமல் கயிறு கோத்துத் தைத்த மசூலாப் படகும் கட்டுமரமும் ஆளும் அதில் இருக்கும். துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கவர்னரானாலும் சரி, கவர்னர் வீட்டுப் பியானோவானாலும் சரி, எங்கள் கரையோரத்துப் படகுக்காரர்கள் கை வைத்தால்தான் கரை. தொப்பலாக நனைந்து, வாந்தி எடுத்து, படகுக்காரன் தோளில் தொற்றிக்கொண்டு பட்டணப் பிரவேசம் செய்த துரைமார், அப்புறம் ஆயுசு முழுக்கப் படகுக்காரர்கள் காசு பிடுங்குகிறார்கள் என்று புத்தகம் எழுதினார்கள். எழுதட்டுமே. அலைக்கு நடுவில் பேரம் பேசுகிறவனுக்குத்தான் சந்தை நிலவரம் தெரியும்.

தென்கிழக்கிலிருந்து பார்த்தால் என்ன ஆகும்? வடக்கு கோட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கருப்பர் பட்டணத்துக்கு என்று தனியாக ஒரு படம் போட்டுக் கொஞ்சம் வடக்கே எட்டிப் பார்த்தார்கள் டேனியல்கள். அத்தோடு சரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மதுரைக்குப் போனார்கள், குற்றாலத்துக்கு அருவி பார்க்கப் போனார்கள். ஒற்றியூருக்கு மாட்டுவண்டி வாடகை என்ன ஆகிவிடும்?

இந்த ஓவியங்கள் எல்லாவற்றிலும் உண்மையாக இருந்த ஒரே விஷயம் கடல். அன்றைக்கு அலை கோட்டைச் சுவருக்குக் கிட்டே வந்து மோதியது. இன்று கோட்டை முன்னால் போய் நின்று பாருங்கள், ரோட்டைத் தாண்டி, மணலைத் தாண்டி, கடல் எங்கோ இருக்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். 1881 புயல் அடித்து நொறுக்கியும் விடாமல் மறுபடி கட்டினார்கள். கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே ஊர்ந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டித் தெற்கிலேயே நின்றுவிட்டது. சேர்ந்த மணலைப் பார்த்துப் பூரித்து கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் சூட்டினார். வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம் முதல் எண்ணூர்வரை கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. குப்பத்துத் தெருக்கள் போயின, வீடுகள் போயின. இப்போது கருங்கல்லைக் கொட்டித் தடுத்து வைத்திருக்கிறார்கள். உலகமே மாங்காய் சுண்டல் தின்றுகொண்டு காற்று வாங்குகிற மெரினாவில் எங்கள் பங்கு மணலும் இருக்கிறது. கோட்டை வாசலில் படம் எழுதக் காத்திருந்த கடல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, ஓவியர்தான் வரவில்லை.

லெடன்ஹால் தெருக் கட்டடத்தை 1861-ல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது லாயிட்ஸ் இன்சூரன்ஸ் மாளிகை, குழாய்களையெல்லாம் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிறது. சுவர் போயிற்று, ஆறு ஓவியமும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் பொறுப்பில் பத்திரம்.

இந்த ஊரை இனி வரைய உத்தேசித்திருக்கும் ஓவியர்களுக்கு ஒரு வார்த்தை. 2021-லிருந்து மெட்ரோ ரயில் டோல்கேட்டுக்கே வருகிறது. கப்பல் ஏற வேண்டாம், படகுக்காரரோடு பேரம் வேண்டாம், ஹைதர் அலியும் இப்போது வழிமறிப்பதில்லை. கன்டெய்னர் லாரி மட்டும் மறிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மேம்பாலத்து ஸ்டேஷன், கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல், மேற்கே தொழிற்சாலைப் புகைபோக்கிகள், நடுவில் பூக்கடையும் மீன்கூடையும் ஷேர் ஆட்டோவும் ஒரே சமயத்தில் ஒரே இடத்துக்காகச் சண்டை போடும் டி.எச். ரோடு. ஓர் அங்குலம்கூட சும்மா இருக்காது, நுணுக்கமாக எழுதுகிறவனுக்கு ஆயுசுக்கும் வேலை. கூலி கினிக் கணக்கில் கட்டுப்படியாகாது. டீ, பஜ்ஜி, மத்தியானம் வஞ்சிரம் வறுவல் எங்கள் பொறுப்பு. கேன்வாஸ் வாங்கும்போது மட்டும் வலப்பக்கம் இரண்டடி கூடுதலாக வாங்கிக்கொண்டு வாருங்கள்.